முப்பது சுற்றில் ஓடிய பீப்பா

மில்லில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி இப்போதைய மனேஜர் கேட்டார். எண்ணெய் எப்போது மாற்றுவது, பெல்ட்டை எப்படி இறுக்குவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை நான் எழுதப் போவதில்லை. ஒரு பிற்பகலைப் பற்றி எழுதப் போகிறேன். இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தடவையும் பேனாவை மூடிவிட்டு எழும்பிப் போனேன். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இன்னும் வீட்டில் மிக்ஸியின் சத்தம் சட்டென்று மாறினால் என் கை தானாகப் போய் ஸ்விச்சை அணைக்கிறது.

என் மகள் உங்களுடன் மில்லின் ஆய்வுகூடத்தில்தான் வேலை செய்கிறாள். அவளும் இதை வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து, மூடிக் கிடந்த இறால் பண்ணைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலம். சுண்ணாம்புக்கல் அரைக்கும் நம்முடைய மில்லுக்கு அப்போது ஓய்வே இல்லை. பண்ணைக்காரர் குளத்தைக் காயவிட்டு, அடியில் சுண்ணாம்புக்கல் தூள் தூவிய பிறகுதான் கடலோரக் களப்பிலிருந்து தண்ணீர் எடுப்பார்கள். எந்தப் பகுதி எந்த நாளில் தண்ணீர் எடுக்கலாம் என்று அதிகாரிகள் நாள் குறித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த நாள் தவறினால் அந்தப் போகமே தவறிவிடும். தூள் மாப்போல இருக்க வேண்டும். பருக்கையாக இருந்தால் சேற்றுக்குள் அப்படியே கிடக்கும். ஒரு பயனும் இல்லை. அந்தத் தூளை அரிதட்டில் அரித்து, சரி பிழை சொல்வதற்காகத்தான் விஞ்ஞானப் பட்டத்தோடு நான் முதலில் அங்கே வேலைக்குப் போனேன். பிறகு பகல் வேலைக்குப் பொறுப்பாளராக ஆக்கினார்கள்.

அரைக்கும் உருளையை நாங்கள் ‘பீப்பா’ என்போம். இப்போது நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள் என்று மகள் சொன்னாள். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய இரும்புப் பீப்பா. உள்ளே முஷ்டியளவு இரும்புக் குண்டுகள். பீப்பா சுழலும்போது குண்டுகள் ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கம் விழுந்து கல்லை நொறுக்கும். அதன் பக்கத்தில் நின்றவர் புத்தளம் தில்லையடியிலிருந்து வரும் ஒரு மனிதர். மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதைச் சம்பளப் பட்டியலில் பார்த்த பிறகும் நானும் நானா என்றே கூப்பிட்டேன்.

நானாவுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பீப்பாவின் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நின்று, கையைக் காதுக்குப் பின்னால் மடித்து வைத்துக் கேட்பார். சத்தம் மந்தமானால் உள்ளே கல் கூடிப் போயிற்று. சத்தம் கணகணவென்று கூடினால் கல் வருவது குறைந்து, குண்டு குண்டோடும் தகட்டோடும் மோதுகிறது. அப்படியானால் கல் விழும் வாய் அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் சரியாகும். அவர் சொன்னதையே கொஞ்ச நேரத்தில் என் அரிதட்டும் சொல்லும்.

“மிஸ்ஸுட தட்டு இப்பதான் எழும்பிப் பேசுது. பீப்பா அப்பவே சொல்லிட்டு” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

இருபது வருடமாகப் பீப்பா ஒரே வேகத்தில்தான் ஓடியது. நிமிடத்துக்கு இருபத்து மூன்று சுற்று. பற்சில்லு அப்படி, யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. அதனால் வேகம் என்பது யாரும் யாரிடமும் கேட்கிற விஷயமாக இருக்கவில்லை. இந்த வரியை நினைவில் வைத்திருங்கள். எங்கள் பிழை முழுவதும் இதற்குள்தான் இருந்தது.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து புது மோட்டரும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியும் பொருத்தினார்கள். பெட்டியின் குமிழ் மாடியில் என் கண்ணாடி அறைக்குள் வைக்கப்பட்டது. நானா மேலே வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இனி இது பஸ் மாதிரி மிஸ். டிரைவர் மேல, கண்டக்டர் கீழ. பெல் அடிக்கிறதுக்கு மட்டும் கயிறு கட்ட மறந்திட்டாங்க.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வேகத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம். முன்னேஸ்வரம் திருவிழாக் காலத்தில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள்காரன் மெதுவாக ஓடினால் அடியிலேயே சுற்றுவான். போதிய வேகம் பிடித்தால் சுவரில் ஒட்டிக்கொண்டே சுற்றுவான், விழமாட்டான். குண்டும் அப்படியே. வேகம் குறைவென்றால் அடியில் உருண்டு தேய்க்கும். அளவான வேகத்தில் தோளுயரம் ஏறிக் கல்லின் மேல் விழும். அதையும் தாண்டினால் கல்லின் மேல் விழாமல், கல்லைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்க வெறுந்தகட்டில் அடிக்கும். இன்னும் கூட்டினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும், அரைப்பதே நின்றுவிடும். நம்முடைய பீப்பாவுக்கு அந்தக் கடைசி எல்லை முப்பத்தொன்றரைச் சுற்று என்று பெட்டி வந்த அன்றே கணக்குப் போட்டு, ஒரு துண்டில் எழுதி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்த அந்த நாளில் வந்த கல் வழமையைவிடக் கடினம். காலையிலிருந்தே தூள் பருக்கையாக வந்தது. வாசலில் மூன்று லொறிகள் நின்றன. உடப்பைச் சேர்ந்த ஒரு பண்ணைக்காரர், என் ஊர்க்காரர், மாடிப்படி ஏறியே வந்துவிட்டார்.

“அக்கா, நாளண்டைக்குத் தண்ணி எடுக்கிற நாள். சுண்ணாம்பு போடாம எப்பிடி எடுக்கிறது? பிந்தினா அடுத்த போகம் வரைக்கும் குளத்துக்குள்ள கிரிக்கெட்தான் விளையாடணும்.”

“ரெண்டு மணிக்குள்ள தாறன் தம்பி” என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கல் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் மனிதருக்கு நேரம் கொடுத்துவிட்டேன்.

வேகத்தை இருபத்தாறுக்குக் கூட்டினேன். ஐந்து நிமிடத்தில் நானா மேலே வந்தார்.

“ஏத்தினீங்களா மிஸ்?”

“ஓம் நானா, இருபத்தாறு.”

“நல்லாத்தான் இரிக்கி. இதோட விடுங்க.”

தூள் உண்மையிலேயே கொஞ்சம் நைசாக வந்தது. அந்தக் கொஞ்சம்தான் என்னைக் கெடுத்தது. மூன்று கூட்டியதற்கு இவ்வளவு என்றால், இன்னும் கூட்டினால் இன்னும் நைசாகும் என்று மனம் சொல்லிக்கொண்டது. அப்போதிருந்த மனேஜர் கொழும்பிலிருந்து இரண்டு தடவை போன் எடுத்தார். முதல் தடவைக்குப் பிறகு இருபத்தெட்டு. இரண்டாவது தடவைக்குப் பிறகு முப்பது. கல் குறைவாகப் போனால் இருக்கிற கல் நன்றாக அரைபடும் என்று நினைத்து, உள்ளே போகும் கல்லையும் மேலிருந்தே பாதியாகக் குறைத்தேன். கீழே இறங்கி நானாவிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றல்ல. படிகள் பதினான்கு, என் மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் காரணம். இவ்வளவு சின்னக் காரணம்.

மோட்டர் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் ஊசி இறங்கியது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பாரம் குறைந்து பீப்பா சுகமாக ஓடுகிறது என்று நினைத்தேன். வேகம் எல்லையை நெருங்கி, குண்டுகள் கல்லின் மேல் விழுவதை விட்டுவிட்டுச் சுவரோடு போகத் தொடங்கியதால்தான் ஊசி இறங்கியது என்பது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த துண்டைப் பார்த்தாலே விளங்கியிருக்கும். அந்தத் துண்டின் மேல் என் முழங்கை இருந்தது.

மகள் அப்போது ஆய்வுகூடத்தில் சேர்ந்து நான்கு மாதம். மில்லுக்குள் அவளும் என்னை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவாள். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டுப் போல. அவள் அரித்த கணக்கோடு வந்தாள்.

“மிஸ், கூடிட்டு. முந்தினதவிடப் பருக்கை கூட.”

“அரிதட்டைத் துடைச்சியா?”

“துடைச்சனான்.”

“திரும்பப் போய் எடு. தூள் விழுற வாயடியிலயிருந்து நேரா எடு. தள்ளி நிண்டு எடுக்காத.”

கணக்கு சரி, நான்தான் பிழை. ஆனால் எனக்கு வேண்டிய விடையோடு அவள் வராததால் அவளை மறுபடி அனுப்பினேன். பீப்பாவுக்குப் பக்கத்தில் போய் நில் என்று என் வாயாலேயே சொல்லி அனுப்பினேன்.

கீழே சத்தம் கூடியிருந்தது. எனக்கு அது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரோ தூரத்தில் தகரம் அடிப்பதுபோலத்தான் கேட்டது. நானா என்னை அண்ணாந்து பார்த்து, கையைக் குவித்து ‘என்ன?’ என்று கேட்டார். நான் கையைக் காட்டி, ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்றேன். அவருக்குத் தெரிந்த வேகம் இருபத்தாறு. இருபத்தாறில் இப்படிச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கல் வரவில்லை, வாய் அடைத்துவிட்டது. அவர் கம்பியை எடுத்துக்கொண்டு பீப்பாவை ஒட்டிய கல்வாய்ப் பக்கம் போனார். மகள் தூள் எடுக்கும் டின்னோடு பக்கத்திலேயே நின்றாள். நானா கம்பியை விட்டு ஒரு தடவை குத்திவிட்டு, அவளைப் பார்த்துக் கையை வீசினார். காதைத் தொட்டுக் காட்டினார். ‘சத்தம் சரியில்லை பிள்ளை, அங்கால போ’ என்று சொல்கிறார் என்று எனக்கு மேலிருந்தே விளங்கியது. அவள் நகர்ந்தாளா என்று பார்ப்பதற்குள் அது நடந்துவிட்டது.

வெறுந்தகட்டில் அடிபட்டு அடிபட்டு, தகட்டைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று அறுந்து வெளியே பாய்ந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் கண்டது புகை மட்டும். போல்ட் போன துளை வழியாக வெள்ளைத் தூள் சீறிக்கொண்டு வந்தது. அதற்குள் ஓர் ஆள் தரையில். முழுக்க வெள்ளை. தலைமயிர், உடுப்பு, முகம் எல்லாம் வெள்ளை. யார் என்று தெரியவில்லை.

சிவப்புப் பொத்தானை அடித்தேன். வேகம் குறைந்ததும், உயரே ஏறியிருந்த குண்டுகள் எல்லாம் மொத்தமாக உள்ளே கொட்டின. கட்டடமே ஆடியது. நான் அதற்கு முன்பே படியில் இருந்தேன்.

இனி எழுதப் போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பதினான்கு படியிலும் நான் கடவுளிடம் ஒன்றுதான் கேட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று கேட்கவில்லை. அது நானாவாக இருக்கட்டும் என்று கேட்டேன். பெயரோடு கேட்டேன்.

“அம்மா!”

குரல் எனக்கு இடப்பக்கமிருந்து வந்தது. அவள் தூணோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். மில்லுக்குள் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

பாய்ந்த போல்ட் பட்டு நானாவின் வலது மேற்கை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. மகள் தன் சால்வையால் கட்டினாள். பண்ணைக்காரரின் லொறியிலேயே ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி முழுவதும் நானா, “பிள்ள எங்க? பிள்ள எங்க?” என்று கேட்டபடியே வந்தார். “இங்கதான் நானா, இங்கதான்” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் கை இன்றைக்கும் தோளுக்கு மேலே எழும்பாது.

மாலையில் மனேஜர் போன் எடுத்தார். அவர் சத்தம் போடவில்லை. மிகவும் ஆறுதலாகத்தான் கதைத்தார்.

“நடந்தது நடந்துட்டு மிஸ். இப்ப அறிக்கையைச் சுருக்கமா எழுதுங்க. கல்வாய் அடைச்சிருக்கெண்டு நினைச்சு, பீப்பாவை நிப்பாட்டாம, தானாப் போய்க் கம்பி விட்டார். அதுதானே நடந்தது?”

அதுதான் நடந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பீப்பாவை நிறுத்தாமல் கம்பி விடக்கூடாது என்பதும் விதிதான். நானா இருபது வருடமாக அப்படித்தான் விட்டார். அதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மனேஜர் சொன்ன வசனத்தை ஒரு தாளில் எழுதினேன். கையெழுத்துப் போடாமல் பைக்குள் வைத்தேன். எனக்கு மகள் இருக்கிறாள், வேலை போனால் என்ன செய்வது, நானா எப்படியும் தானாகத்தானே போனார் என்று விடியும்வரை எனக்குள்ளேயே வழக்குப் பேசினேன். வேகத்தை யாரும் கேட்கவில்லை. வேகத்தை யாரும் கேட்கமாட்டார்கள். அது எங்கள் மில்லில் கேட்கிற விஷயமே இல்லை.

பிள்ளைகளே, வேகத்தைக் கூட்டியது பிழைதான். ஆனால் அதைச் செய்பவர்கள் நாளைக்கும் இருப்பார்கள். நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். பீப்பாவின் பக்கத்தில் நிற்பவருக்கு அதைச் சொல்லாமல் செய்யாதீர்கள். அவருடைய காது ஒரு வேகத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, உங்கள் கை இன்னொரு வேகத்தை வைத்திருந்தால், அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கே பகையாகிவிடும். அறிவில்லாதவன் அங்கே போயிருக்கமாட்டான். தெரிந்தபடியால்தான் நானா போனார். போன் அடிக்கட்டும். இறங்கிப் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நானாவின் மனைவி கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரைத் தாத்தா என்போம். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். என்னைக் கண்டதும் பழத்தை மடியில் வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அல்ஹம்துலில்லாஹ் மிஸ், பிள்ளைக்கு ஒண்டும் ஆகல்லத்தானே? இவர் ராவு முழுக்க அதத்தான் கேட்டார். அல்லாஹ் காப்பாத்திட்டான் பிள்ளைய.”

நான் படியில் என்ன கேட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் கை சூடாக இருந்தது. இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நானா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முகம் ஒரே நாளில் வற்றியிருந்தது.

“மிஸ், நான் வேலய விடப் போறன்.”

“ஏன் நானா? கை சரியாகும்.”

“கை இல்ல மிஸ். காது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அது கல்லு வராத சத்தம். இருவது வருசமாக் கேட்ட சத்தம். ஆனா கம்பிய விட்டுப் பாத்தா வாயில அடைப்பே இல்ல. கல்லு வந்துகிட்டுத்தான் இரிக்கி. அப்ப நான் என்னத்தக் கேட்டன்? காது பொய் சொல்லத் தொடங்கின ஆள் பீப்பாக்கிட்ட நிக்கப்படாது. பிள்ளையும் பக்கத்தில நிண்டா. நான் பிழையாக் கேட்டு, அந்தப் பிள்ளைக்கு என்னமும் ஆகியிருந்தா?”

அவர் கண்ணிலிருந்து நீர் காதை நோக்கி வழிந்தது. ஒரு கையில் மாக்கட்டு, மறு கையில் சேலைன் ஊசி; துடைக்கக் கை இல்லை. தாத்தா என் ஒரு கையை விடாமலே மற்றக் கையால் எட்டி, முந்தானையால் துடைத்தார்.

“நானா,” என்றேன். “நான் முப்பதுக்கு ஏத்தினன்.”

“எவ்வளவு?”

“முப்பது.”

“கல்லு?”

“பாதியாக் குறைச்சன். உங்களுக்குச் சொல்லல்ல.”

அவர் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. முப்பதில் குண்டு எங்கே போய் விழும், பாதிக் கல்லில் எப்படிச் சத்தம் வரும் என்று உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஏசுவார் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை; மனைவியைப் பார்த்தார்.

“அப்ப காது நல்லாத்தான் இரிக்கி” என்றார்.

சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு யார் முகத்திலும் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

தாத்தா என் கையை விட்டார். மெதுவாக, விரல் விரலாக. பிறகு கதிரையில் உட்கார்ந்து பழத்தைக் கையில் எடுத்தார்.

நான் பைக்குள் இருந்த தாளை எடுத்தேன். மனேஜரின் வசனத்தைக் கோடு போட்டு அடித்தேன். கட்டில் விளிம்பில் வைத்து, கீழே புதிதாக எழுதத் தொடங்கினேன்.

“என்ன எழுதுறீங்க மிஸ்?”

“முப்பதெண்டு எழுதுறன் நானா. நான்தான் கூட்டினன், உங்களுக்குச் சொல்லல்லயெண்டு.”

“எழுத்திலயும் எழுதுங்க. இலக்கத்தில மட்டும் எழுதினா இருவதாக்கிடுவானுங்க.”

எழுத்திலும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

தாத்தா தோடம்பழத்தை உரித்து முடித்திருந்தார். வருடாவருடம் நோன்புக்குக் கஞ்சி வைத்தால் எனக்கென்று ஒரு போத்தலில் ஊற்றி, நானாவிடம் கொடுத்தனுப்புகிறவர் அவர். சுளை சுளையாகப் பிய்த்து நானாவின் வாயில் வைத்தார். பழம் முடியும்வரை நான் அங்கேயே நின்றேன். என் பக்கம் ஒரு சுளையும் நீளவில்லை.